யானைக்கு வைத்த பரீட்சை

வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் தேசிய உயிரியல் பூங்காவில் 2001 இல் ஓர் ஆண் யானைக்குட்டி பிறந்தது. தாய் சாந்தி இலங்கையிலிருந்து போனவள். எனவே எல்லாளனோடு போரிட்ட மன்னன் துட்டகைமுனுவின் பட்டத்து யானையின் பெயரையே குட்டிக்கும் வைத்தார்கள்: கண்டுல. அதற்கு ஏழு வயதானபோது நியூயார்க்கிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர்கள் அதற்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். பழம் செருகிய கிளைகளைத் தும்பிக்கைக்கு எட்டாத உயரத்தில் கம்பியில் தொங்கவிட்டார்கள். கீழே சில நீளக் கழிகளைப் போட்டுவைத்தார்கள். கழியை எடுத்துத் தட்டினால் பழம் விழும்.

கண்டுல கழியைத் தொட்டது, புரட்டியது, அதோடு விளையாடியது. பழத்தைத் தட்டும் யோசனை மட்டும் அதற்கு வரவேயில்லை.

பிறகு முற்றத்தில் பெரிய பிளாஸ்டிக் கனசதுரம் ஒன்றையும் வைத்தார்கள். முதல் சில அமர்வுகளில் அதையும் கண்டுல பொருட்படுத்தவில்லை. ஒருநாள், முன்னோட்டம் பார்த்தல், தவறித் திருத்தல் எதுவும் இல்லாமல், கனசதுரத்தை உருட்டிக்கொண்டு நேரே கிளைக்குக் கீழே போனது. முன்னங்கால் இரண்டையும் அதன்மேல் வைத்து ஏறி நின்று பழத்தைப் பறித்தது. அடுத்தடுத்த நாட்களில் கனசதுரத்தைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தாலும் தேடிப்போய்க் கொண்டுவந்தது. அதை எடுத்துவிட்டபோது ஒரு டயரை ஏறுபடியாக்கிக்கொண்டது. 2011 இல் வெளியான இந்த ஆய்வு, அதுவரை யானைகள் ஏன் தோற்றன என்பதற்கும் ஒரு விளக்கம் தந்தது. தும்பிக்கை கை மட்டுமல்ல, மூக்கும்கூட. யானை தன் உணவை முகர்ந்துதான் அடைகிறது. தும்பிக்கையால் கழியைச் சுருட்டிப் பிடித்தால் அதன் மூக்கும் தொடுநுனியும் அடைபட்டுப்போகின்றன. கண்ணைக் கட்டிவிட்டு ஒருவனைக் கனி பறிக்கச் சொல்வதற்குச் சமம் அது. யானைக்குக் கழியைக் கையாளத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. நாகரஹொளெ காட்டு முகாம் யானைகள் ஈ ஓட்டுவதற்காகக் கிளையை ஒடித்து, வேண்டாத பகுதியைக் கழித்து, அளவாக்கிக்கொள்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கழிப் பரீட்சையில் தோற்றது யானையா, வினாத்தாள் தயாரித்தவர்களா என்பது யோசிக்கவேண்டிய விஷயம்.

விலங்குகளின் அறிவை அளக்கப் புறப்பட்ட நூறாண்டுக் கதையில் இந்தச் சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. உயிர்களை ஏணியில் ஏற்றிவைத்துப் பார்க்கும் பழக்கம் அதைவிடப் பழையது. அரிஸ்டாட்டில் அப்படித்தான் அடுக்கினார். தமிழில் தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவில் தொடங்கி, நத்தை, கறையான், நண்டு, விலங்கு என்று புலன் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய் மனம் உள்ள மனிதனை ஆறாவது படியில் நிறுத்துகிறது. ஆனால் அந்தப் படியின் கதவை அது அடைத்துத் தாழ் போடவில்லை. அந்தக் கிளையில் பிற உயிர்களுக்கும் இடம் உண்டு என்கிறது. அந்த இடத்தில் கிளியையும் குரங்கையும் யானையையும் சேர்த்துப் பார்த்தவர்கள் பழைய உரைகாரர்கள். 1871 இல் மனிதனின் தோற்றம் பற்றி எழுதிய டார்வின், மனித மனத்துக்கும் உயர்விலங்கு மனத்துக்கும் உள்ளது அளவு வேறுபாடுதான், வகை வேறுபாடல்ல என்று வாதாடினார். அவர் காலத்தில் அதை நிரூபிக்க வழியில்லை. ஆதாரம் என்று கையில் இருந்தவை பெரும்பாலும் வளர்ப்பு நாயைப் பற்றியும் பூனையைப் பற்றியும் ஆர்வலர்கள் எழுதிய கடிதங்கள்.

ஆர்வலர் கடிதங்களை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பெர்லினில் ஒரு குதிரை சாட்சியானது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டனின் குதிரை ஹான்ஸ் கூட்டும், கழிக்கும், தேதி சொல்லும். விடையைக் குளம்பால் தரையில் தட்டும். 1904 இல் உளவியலாளர் கார்ல் ஷ்டும்ஃப் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று சொல்லிப்போனது. குழு சொன்னது சரிதான். ஏமாற்ற யாரும் நினைக்கவில்லை. ஷ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் விடை தெரியாத ஒருவரைக் கேள்வி கேட்கவைத்தார். ஹான்ஸ் திணறியது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தபோதும் அதே கதைதான். விடை தெரிந்தவர் கேள்வியைக் கேட்டதும் தட்டல் தொடங்குவதைப் பார்க்கத் தன்னையறியாமல் இம்மி குனிகிறார். சரியான எண் வந்ததும் இம்மி நிமிர்கிறார். குதிரை அதைப் படித்தது. இது தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையசைவை முழுதாக அடக்க முடியவில்லை.

இதன் விளைவாக ஆய்வுலகம் எதிர்த்திசையில் ஓடியது. எளிய விளக்கம் ஒன்று போதும் என்றால் உயர்ந்த மனத்திறனைக் காரணமாகச் சொல்லாதே என்று உளவியலாளர் லாயிட் மோர்கன் 1894 இலேயே ஒரு விதி எழுதிவைத்திருந்தார். ஹான்ஸுக்குப் பிறகு அந்த விதி வேதவாக்கானது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு எலிகளும் புறாக்களும் நெம்புகோல்களுமே பெரும்பாலும் ஆய்வகங்களில் நிரம்பின. விலங்குக்கு மனம் உண்டு என்று எழுதினால் ஆய்வாளரின் பெயர் கெட்டுவிடும் என்ற நிலை. ஹான்ஸ் உண்மையில் என்ன செய்தது என்பதை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். வல்லுநர்கள் குழு ஒன்றால் ஒருவரிடம் ஒருவர் காண முடியாத அசைவை அது கண்டது. கணக்குத் தெரியாத குதிரைதான். ஆனால் மனிதரைப் படிக்கத் தெரிந்த குதிரை.

அந்தந்த விலங்கின் பிழைப்பிலிருந்து கேள்வியை எடுத்தால் பதில் எப்படி மாறுகிறது என்பதற்குச் சிறந்த சான்று பறவைகள். காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்க்ரப் ஜே என்ற அமெரிக்கப் பறவை மிஞ்சிய இரையைப் புதைத்துவைத்துப் பிறகு எடுத்துத் தின்னும். நிக்கோலா கிளேட்டனும் ஆந்தனி டிக்கின்சனும் 1998 இல் வெளியிட்ட சோதனையில், மணல் நிரப்பிய ஐஸ் தட்டுகளில் இந்தப் பறவைகள் மெழுகுப்புழுவையும் நிலக்கடலையையும் புதைத்தன. புழுதான் அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் புழு சில நாளில் அழுகிவிடும், கடலை அழுகாது. நான்கு மணி நேரத்துக்குப் பிறகு தட்டைக் கொடுத்தால் பறவை புழு இருந்த குழியைத் தோண்டியது. ஐந்து நாள் கழித்துக் கொடுத்தால் புழுவைத் திரும்பிப் பாராமல் கடலைக்குப் போனது. எதை, எங்கே, எப்போது புதைத்தோம் என்ற மூன்றும் நினைவிருந்தால்தான் இது முடியும்.

மூன்றாண்டு கழித்து வந்த அடுத்த சோதனை இன்னும் சுவையானது. ஒரு பறவை புதைக்கும்போது வேறொரு பறவை பார்த்துக்கொண்டிருந்தால், பார்த்தவர் போன பிறகு அது இரையை வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறது. எல்லாப் பறவையும் அல்ல. முன்பு அடுத்தவர் இரையைத் திருடிய அனுபவம் உள்ள பறவைகள்தான் மாற்றின. திருடிப் பழகாதவை மாற்றவில்லை. தான் திருடி அயலாரை நம்பாள் என்று நம் பாட்டிமார் சொல்வதை ஆய்வகத்தில் பறவை செய்துகாட்டிவிட்டது. அது மற்றதன் மனத்தை ஊகிக்கிறதா, தன் அனுபவத்திலிருந்து ஒரு விதி கற்றதா என்ற விவாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை.

குடத்தில் கல்லைப் போட்டுத் தண்ணீர் குடித்த காகத்தின் கதையும் ஆய்வகத்துக்குப் போயிற்று. 2009 இல் கிறிஸ்டஃபர் பேர்டும் நேத்தன் எமெரியும் ரூக் என்ற ஐரோப்பியக் காக்கைகள் நான்கின் முன்னால் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்தார்கள். பாதியளவு தண்ணீர், அதில் ஒரு புழு மிதக்கிறது, அலகுக்கு எட்டாது. பறவைகள் கல்லைப் போட்டு நீரை உயர்த்திப் புழுவை எடுத்தன. சிறிய கல்லை விட்டுப் பெரிய கல்லைத் தேர்ந்தன. தண்ணீருக்குப் பதில் மரத்தூள் வைத்த குழாயில் கல் போட்டுப் பயனில்லை என்று சில முயற்சியிலேயே கண்டுகொண்டன. ரூக் காட்டில் கருவி எதையும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை என்பதுதான் இதில் வியப்பு.

இத்தனைக்கும் இவற்றின் மூளை சில கிராம் எடைதான். இந்தப் புதிர் 2016 இல் ஓரளவு அவிழ்ந்தது. 28 பறவை இனங்களின் மூளைச் செல்களை எண்ணிப் பார்த்தபோது, கிளிகளிலும் பாடும்பறவைகளிலும் அதே எடையுள்ள குரங்கு மூளையைப் போலச் சராசரியாக இரு மடங்கு நரம்பணுக்கள் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தன. காக்கைகள் இந்தப் பாடும்பறவை வகையில்தான் சேர்ந்தவை. ஆக, எடைக்கணக்கு பொய்த்தது. அதற்குப் பதிலாக எண்ணிக்கைக் கணக்கைக் கொண்டுவரலாமா? மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். ஆப்பிரிக்க யானையின் மூளையில் 25,700 கோடி, மூன்று மடங்கு. ஆனால் அவற்றில் 97 சதவீதத்துக்கு மேல் உடலசைவைச் சீராக்கும் சிறுமூளையில் குவிந்திருக்கின்றன. பெருமூளைப் புறணியில் மட்டும் எண்ணினால் யானைக்கு 560 கோடி, மனிதனுக்கு 1,600 கோடி. இந்த எண்களைக் கண்டறிந்த பிரேசில் விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ ஹூசெல், மனிதனின் மேன்மை புறணி எண்ணிக்கையில் இருக்கிறது என்றார். 2014 ஆம் ஆண்டில் நீள்துடுப்பு பைலட் திமிங்கிலத்தின் புறணியை எண்ணிய இன்னொரு குழு 3,700 கோடிக்கு மேல் என்று சொன்னது. அது மனிதக் கணக்கைப் போல இரு மடங்குக்கும் அதிகம். 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரையோரம் கூட்டமாக ஒதுங்கி, மீனவர்கள் கடலுக்குள் இழுத்துவிட்டும் மறுபடி கரைக்கே வந்து மடிந்த திமிங்கிலங்கள் அதன் நெருங்கிய உறவினம். எண்ணிக்கையை வைத்தும் பட்டம் சூட்ட முடியவில்லை.

சரி, மூளையை விட்டுவிட்டு மனிதனையும் அவனுக்கு மிக நெருங்கிய உறவினரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தால்?

கியோட்டோ பல்கலைக்கழகத்தின் அயுமு என்ற சிம்பன்சி இந்த விஷயத்தில் உலகப் புகழ் பெற்றது. தொடுதிரையில் எண்கள் சிதறலாகத் தோன்றும். சட்டென்று வெள்ளைக் கட்டங்களால் மூடிக்கொள்ளும். எண் வரிசைப்படி கட்டங்களைத் தொடவேண்டும். ஐந்து எண்கள் 210 மில்லி வினாடி மட்டுமே தெரிந்தபோது அயுமு ஐந்தில் நான்கு முறை சரியாகத் தொட்டது. கல்லூரி மாணவர்களால் அதில் பாதிதான் முடிந்தது. தெத்சுரோ மத்சுசாவா குழு 2007 இல் இதை வெளியிட்டதும், சிம்பன்சி நினைவாற்றலில் மனிதனை வென்றது என்று செய்தி பறந்தது; அந்தக் காணொளி இன்றும் கைப்பேசிகளில் சுற்றுகிறது. கூடச் சுற்றாத செய்தி, அயுமு இந்த விளையாட்டில் நெடுங்காலம் பழகியது என்பதும், பின்னர் அதேபோல் பழகவிட்ட மனிதர்களும் அதே அளவு மதிப்பெண் எடுத்தார்கள் என்பதும்தான். எனவே வென்றது சிம்பன்சி அல்ல, பயிற்சி. ஆனால் மனிதன் வென்றான் என்றும் சொல்ல முடியவில்லை என்பது கவனிக்கத் தக்கது. ஆட்டம் சமனில் முடிந்தது.

சமன் முடிவு இன்னொரு பெரிய ஆய்விலும் வந்தது. 2007 இல் எஸ்தர் ஹெர்மன், மைக்கேல் டோமசெல்லோ குழுவினர் 106 சிம்பன்சிகள், 32 ஒராங்குட்டான்கள், இரண்டரை வயதுக் குழந்தைகள் 105 பேர் ஆகிய மூன்று தரப்புக்கும் ஒரே தேர்வுத் தொகுப்பை வைத்தார்கள். பொருள் எங்கே மறைந்தது, எந்தக் குவியலில் அதிகம், எந்தக் கருவி உதவும் என்ற பௌதிக வினாக்களில் சிம்பன்சியும் குழந்தையும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண். மற்றவர் செய்வதைப் பார்த்துக் கற்பது, சுட்டுவிரல் காட்டும் குறிப்பைப் புரிந்துகொள்வது போன்ற சமூக வினாக்களில் குழந்தைகள் நான்கில் மூன்று பங்கு சரி. மனிதக் குரங்குகள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இதற்கும் ஆட்சேபம் உண்டு. குழந்தைக்குத் தேர்வு வைத்தவர் அதன் இனத்தவர். குரங்குக்குத் தேர்வு வைத்தவர் அந்நிய இனத்தவர் என்று குரங்கின ஆய்வாளர் ஃபிரான்ஸ் டி வால் விடாமல் சுட்டிக்காட்டினார். நியாயமான ஆட்சேபம்தான். ஆனாலும் இடைவெளி அதனால் மட்டும் வந்ததாகத் தோன்றவில்லை. காரணம், வேறொரு சோதனையில் அந்த இடைவெளி விசித்திரமான முகத்தைக் காட்டுகிறது.

விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் 2005 இல் ஒரு பெட்டி செய்தார்கள். மேலே ஒரு துளை, முன்பக்கம் ஒரு துளை. மேல்துளையில் குச்சியால் குத்துவதால் பயன் எதுவும் இல்லை. நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. முன்துளையில் விட்டு இழுத்தால்தான் தின்பண்டம் வரும். செய்துகாட்டியவர் வேண்டுமென்றே இரண்டையும் செய்தார். பெட்டி கறுப்பாக இருந்தபோது உகாண்டாவின் சிம்பன்சிகள் இரண்டையும் அப்படியே செய்தன. கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பெட்டியைக் கொடுத்தபோது, மேலே குத்துவது வீண்வேலை என்று கண்டு அதை விட்டுவிட்டு நேரே முன்துளைக்குப் போயின. மூன்று நான்கு வயது ஸ்காட்லாந்துக் குழந்தைகளோ உள்ளே எல்லாம் தெரிந்தும் மேலே குத்திவிட்டுத்தான் முன்துளைக்கு வந்தார்கள்.

பார்வைக்குச் சிம்பன்சிதான் புத்திசாலி. ஆனால் மனித இனம் பிழைத்ததே இந்தக் குழந்தைத்தனமான பணிவால்தான் என்று சொல்ல வலுவான காரணம் இருக்கிறது. 1860 இல் மெல்போர்னிலிருந்து ஆஸ்திரேலியாவைத் தெற்கு வடக்காகக் கடக்கக் கிளம்பிய பர்க், வில்ஸ் குழுவைப் பார்க்கலாம். ஒட்டகம், கருவி, படிப்பு எல்லாம் கொண்டுபோனவர்கள். திரும்பும் வழியில் 1861 ஏப்ரலில் கூப்பர் கிரீக் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, காத்திருந்தவர்கள் அன்று காலைதான் கிளம்பிப் போயிருந்தார்கள். யந்திருவந்தா மக்கள் தலைமுறை தலைமுறையாக நிம்மதியாக வாழ்ந்துவந்த இடம் அது. அவர்கள் நார்டூ என்ற நீர்ப்பெரணியின் வித்துறையை மாவாக்கித் தின்பதைப் பார்த்து இவர்களும் தின்றார்கள். நம் வயல்களில் முளைக்கும் ஆரைக்கீரையும் அதே பேரினம்தான். பச்சை நார்டூவில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. அந்த மக்கள் வறுப்பது, அரைப்பது, தண்ணீர் விட்டுக் கரைப்பது என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கும் வேதியியல் தெரியாது. ஆனால் முன்னோர் செய்ததை அப்படியே செய்தார்கள். பர்க் குழுவினர் அந்தப் படிகளை முழுதாகக் கைக்கொள்ளவில்லை. வயிறு நிறைய நிறையத் தின்றும் உடல் மெலிந்துகொண்டே போயிற்று. பர்க், வில்ஸ் இருவரும் இறந்தார்கள். யந்திருவந்தா மக்களோடு சேர்ந்து வாழ்ந்த குழு உறுப்பினர் ஜான் கிங் மட்டும் பிழைத்தார்.

தனிமனித மூளையை நாம் மிகையாக மதிக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. மனிதனின் அறிவில் பெரும்பகுதி அவன் மண்டைக்குள் இல்லை. கூட்டத்தில், பழக்கத்தில், மொழியில், ஏட்டில் இருக்கிறது. அதை உள்வாங்கும் திறனே அவனது தனித்திறன்.

அப்படியானால் பிற விலங்குகளிடம் பரம்பரைக் கல்வி இல்லையா? உண்டு. ஐவரி கோஸ்ட்டின் ‘தாய்’ என்ற காட்டில் சிம்பன்சிகள் கல்லால் கொட்டை உடைக்கின்றன. அங்கே தோண்டி எடுத்த உடைகற்கள் 4,300 ஆண்டுப் பழமையானவை. ஆனால் அன்று போலவே இன்றும் கல்தான், கொட்டைதான். ஒருவர் கண்டதன்மேல் அடுத்தவர் ஒரு படி கட்டுவது மனிதனிடம் மட்டும்தான் என்று சில ஆண்டுகள் முன்புவரை உறுதியாக எழுதினார்கள். இப்போது அந்தக் கோடும் கொஞ்சம் அழிகிறது. 2024 இல் லண்டனில் லார்ஸ் சிட்கா குழுவினர் பம்பிள் தேனீக்களுக்கு இரண்டு படிப் புதிர்ப்பெட்டி ஒன்றை வைத்தார்கள். முதல் படிக்குப் பரிசு கிடையாது. தனியே விட்டபோது எந்தத் தேனீயும் அதைத் திறக்கக் கற்கவில்லை. பயிற்சி பெற்ற தேனீ திறப்பதைப் பார்த்த சில தேனீக்கள் கற்றுக்கொண்டன. தனக்கு எட்டாததைப் பிறரிடமிருந்து கற்பது பூச்சிக்கும் முடிகிறது. தொல்காப்பியர் நான்கறிவுக் கணக்கில் வைத்தது தும்பியை.

எதிர்முனையில் நிற்பது பேய்க்கணவாய் என்று மீனவர்கள் சொல்லும் ஆக்டோபஸ். சுமார் 50 கோடி நரம்பணுக்கள். அவற்றில் மூன்றில் இரு பங்கு எட்டுக் கைகளில் பரவிக் கிடக்கின்றன. இந்தோனேசியக் கடலடியில் பாதித் தேங்காய் ஓடுகளைத் தூக்கிக்கொண்டு நடந்து, ஆபத்து வந்தால் இரண்டையும் பொருத்தி உள்ளே ஒளிந்துகொள்ளும் வகையும் இருக்கிறது. இவ்வளவும் ஓரிரு ஆண்டு ஆயுளில். தாய் இரை உண்ணாமல் முட்டைகளைக் காத்து, குஞ்சு வெளிவரும் நேரத்தில் இறந்துவிடுகிறது. கற்றுக்கொடுக்க யாருமில்லை, ஒவ்வோர் ஆக்டோபஸும் முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறது. தனித்து நிற்கும் புத்திக்குப் பரிசு கொடுப்பதென்றால் இதற்கே கொடுக்கவேண்டும்.

இந்த ஒப்பீடெல்லாம் பண்டிதர்களின் பொழுதுபோக்கல்ல. 2006 இல் நியூயார்க் பிராங்ஸ் பூங்காவின் ஹேப்பி என்ற பெண் யானை தன் நெற்றியில் போட்ட வெள்ளைக் குறியைக் கண்ணாடியில் பார்த்துத் தும்பிக்கையால் தொட்டது. தன்னைத் தானே அறியும் உயிரைத் தனியே அடைத்துவைப்பது சட்டவிரோதக் காவல் என்று வழக்குத் தொடுத்தார்கள். 2022 ஜூனில் நியூயார்க்கின் உச்ச மன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில், யானை சட்டப்படியான ஆள் அல்ல என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பிரிட்டன், முந்நூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த அறிக்கை ஒன்றின் பேரில், வலி உணரும் உயிர்களின் பட்டியலில் ஆக்டோபஸையும் நண்டையும் சட்டப்படி சேர்த்தது.

இந்தியச் சட்டத்துக்கு இந்தப் பரீட்சைகள் தேவைப்படவில்லை. 1960 ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில், மனிதன் அல்லாத எந்த உயிரும் விலங்குதான். குதிரையும் தேனீயும் கணவாயும் ஒரே வரியில் அடக்கம். அந்தச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு, எந்த விலங்கை வதைத்தாலும் முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை.